எள் என்று யாரும் சொல்லாதபோது!

மார்ச் மாதம் பிறந்தால் ஆபீஸ்காரனுக்கு இரண்டு சூடு. ஒன்று வெயில். இன்னொன்று அப்ரைஸல்!

என் முதல் வேலையில் அந்தப் படிவம் கைக்கு வந்தது. நேரந்தவறாமை எட்டு, பணிவு ஒன்பது என்று ராஜநடை போட்ட மார்க், ஒரு கட்டத்தில் மட்டும் தடுக்கி விழுந்திருந்தது. 'இனிஷியேட்டிவ்' - பத்துக்கு இரண்டு.

நேராக மேனேஜரிடம் போய் நின்றேன். "ஸார், நீங்க சொன்னதுல எந்த வேலையை நான் செய்யலை?"

"அதுக்குத்தான்ப்பா ரெண்டு! சொன்னதை மட்டும்தானே செஞ்சிருக்கே!"

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'இனிஷியம்' என்றால் தொடக்கம். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலும் அதே வம்சம்தான். இனிஷியலை அப்பா ஓசியில் கொடுத்துவிடுகிறார். இனிஷியேட்டிவை நாமேதான் சம்பாதிக்க வேண்டும்!

தமிழில் 'முன்முயற்சி' என்கிறார்கள். சிலர் 'தன்முனைப்பு' என்பார்கள். அந்த வார்த்தைக்கு அகங்காரம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பல ஆபீஸ்களில் தகராறே இங்கேதான் ஆரம்பம். இவன் முன்முயற்சி என்று நினைத்துச் செய்வான். மேலே இருப்பவர் அகங்காரம் என்று படிப்பார்!

ஸ்விட்சர்லாந்தில் இது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிற வார்த்தை. 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், அரசியல் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்த வைக்கலாம். அதற்குப் பெயர் இனிஷியேட்டிவ். ஜெயிப்பதும் தோற்பதும் ஜனங்கள் கையில். பிள்ளையார் சுழி போடும் உரிமை மட்டும் சாதாரண ஆசாமிக்கு!

"நம்ம ஊர்லயும் 'எள்ளுன்னா எண்ணெயா நிக்கணும்'னு சொல்றாங்களே, அதுதானே இது?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை ஸார். அங்கேயும் 'எள்' என்று ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறதே!

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற எஞ்சினீயர் ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அவரேதான். அடித்துச் செல்லப்பட்ட கர்டர்கள் கடலடியில் கிடப்பதாக மீனவர்கள் சொன்னார்கள். புது கர்டர் வரட்டும் என்று அவர் கை கட்டி உட்காரவில்லை. கிடந்ததைத் தூக்கியெடுத்துப் பொருத்தினார். 46 நாளில் பாலம் தயார்! 'பாலத்தைச் சரிசெய்' என்பது உத்தரவு. 'மீனவர் பேச்சைக் காது கொடுத்துக் கேள்' என்று எந்த உத்தரவிலும் இருந்திருக்காது.

அதற்காகச் சொல்லாததைச் செய்வதெல்லாம் இனிஷியேட்டிவ் ஆகிவிடாது. எங்கள் ஆபீஸில் ஒருவர், மேனேஜர் லீவில் போன சமயம் பார்த்து எல்லா ஃபைல்களையும் அகர வரிசையில் அடுக்கினார். ஒரு வாரத்துக்கு ஒரு ஃபைலும் கிடைக்கவில்லை! தானாகத் தொடங்குவது பாதி. சம்பந்தப்பட்டவர் காதில் ஒரு வார்த்தை போட்டு வைப்பது மீதி.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் கோட்டை விட்டேன்.

மார்க் வாங்குவதற்குச் சில மாதம் முன்பு, பேங்க் ரிகன்ஸிலியேஷன் போடும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒரே சப்ளையருக்கு, ஒரே தொகை - 38,400 ரூபாய் - இருபது நாள் இடைவெளியில் இரண்டு செக். பில் பாஸ் செய்வது பக்கத்து மேஜைப் பெரியவர். ரிடையர் ஆக இன்னும் நாலே மாதம். எட்டிக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. 'நம்ம செக்‌ஷன் இல்லையே, முந்திரிக்கொட்டைன்னு பேர் எதுக்கு?' என்று நினைத்தேன். கணக்கு டேலி ஆனது. ஃபைலை மூடிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் கண்டுபிடித்தார். ஒரிஜினல் பில்லுக்கு ஒரு முறை, டூப்ளிகேட்டுக்கு ஒரு முறை பணம் போயிருக்கிறது. சப்ளையர் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் பெரியவருக்கு மெமோ. முப்பது வருஷ சர்வீஸில் முதல் மெமோ.

பிரிவு உபசார விழாவில் மாலையும் கழுத்துமாக என் பக்கம் வந்தார். "நீதானே தம்பி ரிகன்ஸிலியேஷன் போட்டே... உன் கண்ணுல அது படலையா?" குரலில் கோபமே இல்லை.

"படலை ஸார்" என்றேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு ஆபீஸ் பார்த்துவிட்டேன். இப்போது பேனாதான் சோறு போடுகிறது. எங்கே எது உறுத்தினாலும், "தப்பா நினைச்சுக்காதீங்க, இதை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் "உன் வேலையைப் பாருப்பா" என்பார்கள். இருக்கட்டும். "படலை ஸார்" என்று சொல்வதைவிட அது எவ்வளவோ சுலபம்.

அந்த மேனேஜரை எப்போதாவது நினைத்துக்கொள்வேன். நடந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்துக்கு இரண்டு போட்டாரே... மனுஷன் ரொம்பத் தாராளம்!