பருத்தித்துறைக்கு அப்பால் கெலவல்லா

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்துள்ள பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழமே உடையது. ஆதலால் சூரையினத்துப் பெருமீனாகிய கெலவல்லாவைத் தேடுவோர், பருத்தித்துறைக்கு அப்பால், கரைநிலத்தின் கடலடி நீட்சியாகிய கண்டமேடை முடிந்து ஆழம் பெருகும் வங்கக் கடலுக்கே செல்லவேண்டியுள்ளது.

விலங்கியலார் மஞ்சள் துடுப்புச் சூரை எனக் குறிக்கும் இம்மீன் 2 மீற்றர் வரை நீண்டு, 150 கிலோகிராமுக்கு மேலும் நிறைகொள்ளக்கூடியது. நீரைத் தானாக இறைத்துச் செவுள்களுக்கு ஊட்டும் ஆற்றல் இதற்கில்லாமையால், வாயைத் திறந்தபடி ஓயாது நீந்தினால்தான் இதனால் மூச்சுவிட முடியும். அவ்வுழைப்பால் தசைகளிற் பிறக்கும் வெப்பம் கடலிற் கலந்து வீணாகாதவாறு, செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குருதியும் தசையிலிருந்து திரும்பும் சூடான குருதியும் அருகருகான நுண்குழாய்களில் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் கைமாற்றுகின்றன. எதிரோட்ட வெப்பமாற்றம் எனப்படும் இவ்வமைப்பு மீன்களுள் மிக அரிது, உண்மையில் வியக்கத்தக்கது. மேல்நீரிலேயே மிகுதியும் இரைதேடும் கெலவல்லா, சிலவேளைகளில் 1000 மீற்றருக்குக் கீழும் மூழ்குவது பதிவாகியுள்ளது.

நெடுங்கயிற்றில் இடைவெளிவிட்டு நூற்றுக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிட்டு இதனைப் பிடிப்பர். பிடிபட்ட மீனை உடனே பனிக்கட்டியில் இடாவிடின், அதன் தசையில் பற்றீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கும். ஆகவே பனிக்கட்டி அறையுள்ள பலநாட் கலங்கள் இத்தொழிலுக்கு இன்றியமையாதவை. சிறு கண்ணாடியிழைப் படகுகளில் அத்தகைய அறைக்கு இடமில்லை. குடாநாட்டின் வடகரையில் ஆழ்கடற்றொழிலுக்குப் பெயர்பெற்ற மயிலிட்டி மக்கள் 1990 இல் போரினால் இடம்பெயர்ந்து, 2017 யூலையிலேயே தம் துறைமுகத்தை மீளப் பெற்றனர். அந்த 27 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே அத்துறையில் தொழில் பழகும் வாய்ப்பை இழந்தது.