எறிந்த பொருளில் எழுந்த கலை

ஓவியர் என்றால் தூரிகை, சிற்பி என்றால் உளி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கையிலெடுக்கும் பொருள் மாற மாறக் கலையும் வளரும் என்பதற்கு எல் அனாட்சுயி நல்ல சான்று.

அவர் 1944இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பிறந்தார். கல்லூரியில் மேலைநாட்டு முறையில் சிற்பம் பயின்றபின், தம் மண்ணின் கலையைத் தேடினார். சந்தையில் பண்டங்களைப் பரப்பி வைக்கும் மரத்தட்டுகளில் பழைய குறியீடுகளைச் சூட்டுக்கோலால் பதித்தார். 1975இல் நைஜீரியாவின் நுசுக்காவில் பல்கலைக்கழக ஆசிரியரானார். அங்கே உடைந்த பானைகளைக் கருப்பொருளாக்கிக் களிமண்ணில் படைத்தார். பின்னர் மரத்தை இயந்திர வாளால் அறுத்தும் தீயில் கருக்கியும் சிற்பங்கள் செய்தார்.

1990களின் இறுதியில், யாரோ எறிந்த ஒரு பை அவருக்குக் கிடைத்தது. உள்ளே மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகள்! அவற்றைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் உதவியாளர்களுடன் கோத்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் பொன்னாடைபோல் சுவரில் தொங்கின. அழகு மட்டுமா? முற்காலத்தில் ஐரோப்பிய வணிகர் மதுவையும் விலையாகக் கொடுத்து ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வாங்கினர். அத்துயரத்தையும் அம்மூடிகள் நினைவூட்டுகின்றன.

2015இல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குக் கிடைத்தது.

தட்டு, பானை, மரம், மூடி எனப் பொருள்கள் மாறின; உடைந்ததையும் ஒதுக்கப்பட்டதையும் மதிக்கும் உள்ளம் மாறவில்லை. வண்ணப்பெட்டி வாங்க வசதியில்லையே என்று நம்மில் சிலர் ஓவிய வகுப்பில் ஒதுங்கி நிற்பதுண்டு. இனி ஒதுங்க வேண்டாம். கைக்கெட்டிய பொருளிலிருந்தே தொடங்குவோம்.