திரைப்படக் கல்வி

தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் ஒன்று உண்டு. விஞ்ஞான மாணவர் ஏட்டிற் படித்ததைக் கடல்நீரேரிக் கரையில் நேரிற் கண்டு தெளிவதற்கென எழுந்தது அது. திரைப்படக் கல்வியும் இவ்வகையினதே. அதனைக் கற்கப்போகும் பிள்ளை நடிக்கத்தான் போகிறது என்று பெற்றோர் அஞ்சுவர். ஆனால், முதலிற் பயில்வது பார்வையே. சந்நிதி முருகன் தேரை வடம் பிடிப்போரின் தோளருகே நின்று படம் பிடித்தால் ஒரு பொருள். தொலைவில் நின்று பிடித்தால் வேறொரு பொருள்.

யாழ்ப்பாண வளாகத்திற் கற்பித்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜ, 1977இல் ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார். திரைக்கதை காவலூர் இராஜதுரையுடையது. சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை நெருக்கும் விதத்தை, யாழ்ப்பாணத்து வீட்டிலும் வீதியிலும் வைத்தே அது காட்டிற்று. சென்னைப் படங்களிற் பழகிய கண்களுக்கு அதன் மௌனம் நீண்டதாகப் பட்டது போலும். படம் நன்றாக ஓடவில்லை.

அத்தகைய படமே வகுப்பறைக்கு உகந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் தனிப் பாடமாகவே உள்ளது. அந்த மௌனத்தில் யாருக்குப் பேச உரிமையில்லை என்று ஆராயும் மாணவிக்குத் தன் வீட்டு முற்றமே நினைவுக்கு வரலாம்.