மதிப்பெண்ணும் கல்வி ஆர்வமும்

உங்கள் வீட்டுக் குழந்தை சுவரெல்லாம் படம் கிறுக்குகிறது. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதட்டினாலும் அது நிறுத்துவதில்லை. அதே குழந்தை பள்ளிக்குப் போன சில ஆண்டுகளில், "இந்தப் பாடம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறது. வராது என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறது. இடையில் நடந்தது என்ன?

அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனையைப் பாருங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியல் அறிஞர்கள் இதன் முடிவை 1973-ஆம் ஆண்டு வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். "வரைந்தால் ரிப்பன் வைத்த நற்சான்றிதழ் உண்டு" என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே கூறினர். இரண்டாம் குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தனர். மூன்றாம் குழுவுக்குப் பரிசே இல்லை.

ஓரிரு வாரம் சென்றபின், விளையாட்டு நேரத்தில் வண்ணப் பேனாக்களை மேசைமீது வைத்துவிட்டு, குழந்தைகள் அறியாமல் கவனித்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர்!

எதிர்பாராமல் வந்த பரிசு கெடுதல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்வத்தைக் குறைத்தது பரிசன்று. "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்ற பேரமே. 'பரிசுக்காகத்தான் வரைந்தேன்' என்று மனம் கணக்கிட்டுக் கொள்கிறது. பரிசு நின்றதும் வரைவதற்குக் காரணமும் இல்லாமற் போகிறது.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? வேண்டும். காய்ச்சலின் அளவை அறிய வெப்பமானி தேவை. ஆனால் வெப்பமானியே மருந்தாகிவிடாது அல்லவா?

இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்பவர் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. செய்த வேலையைப் பற்றி எழுத்தில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களிடம், கெட்டிக்காரர், பின்தங்கியவர் என்ற வேற்றுமையின்றி, ஆர்வம் நிலைத்தது. மதிப்பெண் பெற்றபோதோ பின்தங்கியவர்களின் ஆர்வம் குன்றியது. யாருக்கு ஊக்கம் மிகுதியாகத் தேவையோ, அவர்களையே எண் சோர்வடையச் செய்தது.

ஆகவே, நாளை உங்கள் பிள்ளை விடைத்தாளுடன் வரும்போது, "எத்தனை மார்க்கு?" என்பதை முதற் கேள்வியாக்க வேண்டாம். "எந்தக் கணக்கு புரியவில்லை? வா, சேர்ந்து பார்க்கலாம்" என்று கூறிப் பாருங்கள்.