ஆகா கான் விருது வாங்கிய கம்பத்து வீடு

இயற்கைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்களை நம்பி மலாக்கா தோட்டப்புறங்களிலும் ‘ஹோம்ஸ்தே’, சிறு விடுதி கட்டலாமா என்று நம்மவர்கள் சிலர் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான்கு சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, அறைக்கொரு குளிர்சாதனம் என்று கட்டிவிட்டால், வருமானத்தில் பெரும்பகுதி மின்கட்டணத்துக்கே போய்விடும். தகரக் கூரை லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மத்தியான வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்று வழி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. பழைய மலாக்கா மலாய் வீடு தூண்கள்மேல் நிற்கும். தரைக்கடியில் காற்று ஓடும், ஈரம் ஏறாது. உயர்ந்து சரிந்த கூரைக்குள் சூடான காற்று மேலே போய், முகப்பிலுள்ள மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளியேறும். செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் கக்கும். பலகைச் சுவர் சீக்கிரமே ஆறிவிடும்.

பட்டணத்துக் கடைவீடுகள் வேறு விதம். ஹீரன் வீதி வீடுகளில் அகலம் குறைவு, நீளம் அதிகம்; நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வரும். சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு, அது ஈரத்தை வெளியேவிடும். பழுதுபார்க்கிறேன் என்று அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, சுவர் உதிரத் தொடங்கும்.

இந்த அறிவை விடுதிக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. திரெங்கானுவின் தஞ்சோங் ஜாரா கடற்கரை விடுதி, மலாய் சுல்தான்களின் மர அரண்மனைகளை முன்மாதிரியாகக் கொண்டு, உள்ளூர் மரத்தால், தூண்கள்மேல் கட்டப்பட்டது. 1983இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம விடுதி 1994இல் திறக்கப்பட்டது. பாறையை ஒட்டி நீண்டு கிடக்கும் அதன்மேல் கொடிகள் படர்ந்து, இன்று தூரத்திலிருந்து பார்த்தால் மலையோடு மலையாகத் தெரிகிறது. அங்கேயும் ஏரி மாசுபடும் என்று கட்டும்போதே எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. மரம், கூரை எல்லாம் அழகாக இருந்து, கழிவுநீர் நேராக ஆற்றில் கலந்தால் அது என்ன பசுமை? கான்கிரீட் பெட்டிக்கு மினாங்கபாவ் கூரை மாட்டுவதும் அப்படித்தான்.

மலாக்காவுக்குத் தண்ணீர்தான் பெரிய விஷயம். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றியபோது வாளியோடு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். 6 லிட்டர் கழிப்பறையை முந்நூறு தடவைக்குமேல் கழுவலாம். தோட்டத்துக்குப் பாய்ச்சவும் அதுவே போதும். தொட்டிக்கு மூடியும் கொசுவலையும் கட்டாயம். இல்லாவிட்டால் டிங்கிதான் முதல் விருந்தாளி.

கட்டுவதற்கு முன் நிலத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். மாலை வெயில் விழும் மேற்குப் பக்கம் படுக்கையறை வேண்டாம். குளியலறையோ சாமான் அறையோ வையுங்கள். அங்கே நிற்கும் ரம்புத்தான் மரத்தை வெட்டாதீர்கள். வரைபடம் ஊராட்சி மன்றத்துக்குப் போவதற்கு முன்பே கழிவுத்தொட்டி எங்கே என்பதை முடிவு செய்துவிடுங்கள்.