வீடு தேடி வரும் பியானோ பாடம்

வீடு தேடி வந்து பியானோ சொல்லித்தரும் நாங்கள், வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம்தான் பிள்ளையோடு இருக்கிறோம். மற்ற ஆறு நாளும் பயிற்சி உங்கள் பொறுப்பு.

"எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே!" என்று தயங்க வேண்டாம். பியானோவில் 88 கட்டைகள் இருந்தாலும், 7 வெள்ளை, 5 கறுப்பு என்ற வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறது. பஜனையில் வாசிக்கும் ஆர்மோனியத்திலும் இதே வரிசைதான். ஆகவே, பியானோ உள்ள பக்கத்து வீட்டில் பாடம் கேட்கும் பிள்ளை, தன் வீட்டு ஆர்மோனியத்தில் கட்டைகளின் இடத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். பியானோவில் இரு கைகளும் வாசிக்கும். உள்ளே சிறு சுத்தி கம்பியைத் தட்டுவதால், விரல் அழுத்தத்திற்கேற்ப ஒலி கூடும், குறையும். அந்தப் பக்குவம் பியானோவில்தான் வரும்.

ஒன்றை மறவாதீர்கள். பிழையோடு பத்து முறை வேகமாக வாசித்தால், விரலில் பிழைதான் படியும். அடுத்த பாடம் அதைத் திருத்துவதிலேயே கழிந்துவிடும். தினமும் 15 நிமிடம் போதும். வேலை முடிந்து வந்ததும் அருகில் உட்கார்ந்து, "மெதுவா வாசி கண்ணு, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படி வாசித்த பிள்ளையை, அடுத்த வாரம் முதல் வரியிலேயே நாங்கள் கண்டுகொள்வோம்.