பானை ஏன் தண்ணீரில் கரைவதில்லை? பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்க

கண்மாயில் கிடப்பதும் மண், வீட்டில் இருக்கும் பானையும் மண். கண்மாய் மண்ணில் தண்ணீர் பட்டால் சேறாகிறது. பானையில் ஊற்றினால் மட்டும் ஏன் கரைவதில்லை? ஏழெட்டு வயசுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்க. "நல்லா காஞ்சிருச்சுல்ல, அதான்" என்று பதில் வரும். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, நாலைந்து நாள் காய வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் போடச் சொல்லுங்க. பக்கத்துக் கிண்ணத்தில் உடைந்த பானை ஓடு ஒன்றைப் போடட்டும். கொஞ்ச நேரத்தில் உருண்டை பொலபொலவென உதிர்ந்து சேறாகும். ஓடு அப்படியே கிடக்கும். காய்வது வேறு, வேகுவது வேறு. வெயில் மண்ணில் கலந்திருக்கும் ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். சூளையில் சுமார் 500, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில், களிமண் துகளுக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அப்புறம் எத்தனை வருஷம் ஊற வைத்தாலும் அது திரும்பக் களிமண் ஆகாது. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய கீழடிப் பானை ஓடுகள் 2,000 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் கரையாததற்கு இதுதான் காரணம்.

கோடை முகாம்களில் இதைச் சொல்லித் தருவது குறைவு. சக்கரத்தின் முன்னால் அஞ்சு நிமிஷம் உட்கார வைத்து, போட்டோ எடுத்து, சுடாத கிண்ணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் வந்து தண்ணீர் ஊற்றினால் அது கரையும், பிள்ளை அழும். சக்கரம் பார்க்க அழகுதான். ஆனால் பானைத் தொழிலில் அது பாதி வேலைகூட இல்லை.

சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கண்மாய் மண்ணைக் காய வைத்து, கல் பொறுக்கி, ஊற வைத்து, மணல் சேர்த்துப் பிசைகிறார்கள். மணல் எதுக்கு? வெறும் களிமண் காயும்போது ரொம்பச் சுருங்கி விரிசல் விடும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. காலால் மிதிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்க, வெளியே வரவே மாட்டாங்க!

சக்கரத்தில் வாயும் கழுத்தும் உருவாகும். நூலால் அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் இருக்காது, ஓட்டைதான் இருக்கும். இதை நேரில் பார்க்கும் பெரியவர்களே ஆச்சரியப்படுவார்கள். கொஞ்சம் இறுகியதும், உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து அந்த ஓட்டையை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, பானை உருண்டு பெரிதாகும். கச்சேரி மேடைக்குப் போகும் மானாமதுரைக் கடத்துக்கும் இந்தத் தட்டல்தான் உயிர். சுவரின் கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் நாதம் கெட்டுவிடும். பிள்ளைகளை அழைத்துப் போனால், சக்கரத்தோடு திரும்பாமல் இந்தத் தட்டலையும் பார்க்க வையுங்க.

பிறகு முதலில் நிழலிலும் அப்புறம் வெயிலிலும் காய வேண்டும். ஈரத்தோடு சூளைக்குப் போனால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பானையை வெடிக்க வைக்கும். சூளையில் காற்று நன்றாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் கறுக்கும். கறுப்பு, சிவப்பு என்று ரெண்டு நிறப் பானைகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் இப்படி என்று பிள்ளைகளையே யோசிக்க விடலாம்.

தொழில் நிலைக்க மண் கிடைக்கணும். நீர்நிலைகளில் மண் எடுக்க மேலிடம்வரை அலைய வேண்டியிருந்ததை மாற்றி, தாசில்தார் அளவிலேயே இலவசமாக அனுமதி பெறலாம் என 2024-ல் தமிழக அரசு நடைமுறையை எளிமையாக்கியது. "இந்த மண் எங்கேயிருந்து வருது?" என்று குயவரிடம் பிள்ளைகள் கேட்கட்டும். அந்தப் பதிலும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

போவதற்கு மழைக்காலம் சரிப்படாது. பானை காயாது, சூளையும் எரியாது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வேலை மும்முரமாக இருக்கும், பார்க்க நிறைய உண்டு, ஆனால் பேச ஆளுக்கு நேரம் இருக்காது. மாசி, பங்குனி வசதி. வனைவதும் சுடுவதும் ஒரே நாளில் நடக்காது என்பதால் ரெண்டு தடவை போகத் திட்டமிடுங்க. பிள்ளை செய்த கிண்ணத்தில் பெயரைக் கீறி, அடுத்த சூளையில் சேர்த்துச் சுட்டுத் தரச் சொல்லி, அதற்கான கூலியையும் கொடுத்துவிட்டு வாங்க.